திரைப்பாடலில் அரசியற்பொருள்: கேட்போரும் காலமும்

திரைப்பாடல்களின் அரசியலை ஆராய்வோர் பெரும்பாலும் வரிகளில் வெளிப்படும் கருத்துகளைத் தொகுத்து வகைப்படுத்துவதோடு அமைந்துவிடுகின்றனர். பாடலைக் கட்டுப்படுத்திய அதிகாரத்தின் செயல்களையும் உடன்வைத்து நோக்கின், பொருள் சொல்லில் மட்டும் தங்குவதில்லை என்பது புலனாகும்.

1943இல் வெளிவந்த 'கிஸ்மத்' என்னும் இந்திப் படத்திற்குப் பிரதீப் இயற்றிய பாடல் அந்நியரை விலகிப்போகச் சொல்வது. ஜெர்மனியையும் ஜப்பானையும் பெயர்சுட்டியமையால் அது தணிக்கையைக் கடந்தது. 1942ஆம் ஆண்டுப் போராட்டத்தைக் கண்டிருந்த மக்களோ அதனை ஆங்கிலேயர்க்கு உரைத்ததாகவே கொண்டனர். 1966இல் 'அன்பே வா' படப்பாடலில் வாலி அமைத்த 'உதயசூரியன்' என்னும் சொல், தி.மு.க.வின் தேர்தல் சின்னமாதலின், தணிக்கையில் 'புதிய சூரியன்' என மாற்றப்பட்டது. எம்.ஜி.ஆரின் கட்சிச் சார்பை அறிந்தோர்க்கு மாற்றுச்சொல்லும் பழம்பொருளையே உணர்த்த வல்லது. நெருக்கடிநிலையின்போது, 1976இல், அரசுடன் ஒத்துழையாத கிஷோர் குமாரின் பாடல்கள் அகில இந்திய வானொலியில் தடைசெய்யப்பட்டன. அவற்றுள் காதற்பாடல்களும் அடங்கும். அக்குரலின் இன்மையே அரசியற்செய்தி ஆயிற்று.

முதலில் சொல் தப்பியது. அடுத்துச் சொல் திருத்தப்பட்டது. பின்னர்க் குரலே விலக்கப்பட்டது. தொல்காப்பியம் செய்யுளுறுப்புகளாக எண்ணும் கேட்போர், காலம் ஆகியவற்றைப் பாடலுக்கு வெளியே உள்ள அவைக்கும் விரித்துக் கொள்ளும்போதே திரைப்பாடலாய்வு முழுமை பெறும்.