காந்தம் ஒரு மரபு, சுருள் ஒரு மரபு

இசைத்தட்டின் பள்ளத்தில் முள் ஆடும் ஆட்டத்தை மின்சாரமாக்கும் கார்ட்ரிட்ஜில் இரண்டு மரபுகள் உண்டு. முள் தாங்கும் தண்டின் மறுமுனையில் பொடிக் காந்தம் இருந்து, சுருள்கள் அசையாமல் நின்றால் அது மூவிங் மேக்னட். சுருளே தண்டோடு ஆடினால் மூவிங் காயில்.

சுருள் மரபின் பெரிய வீடுகள் டென்மார்க்கும் ஜப்பானும். டென்மார்க்கின் ஆர்டோஃபோன் கம்பெனியின் எஸ்பியூ 1959-இல் வந்தது. ஜப்பானின் டெனான் கம்பெனியின் டிஎல்-103, என்எச்கே வானொலிக்காக 1960-களில் உருவானது, இன்றும் விற்கிறது. தண்டு சுமக்க வேண்டியதால் சுருளில் கம்பிச் சுற்று குறைவு. அதனால் கிடைப்பது 0.3 மில்லிவோல்ட் அளவுதான். காந்த மரபில் 3 முதல் 5 வரை கிடைக்கும். சுருளுக்கு ஸ்டெப்-அப் டிரான்ஸ்பார்மரோ தனி ப்ரீஆம்ப்போ வேண்டும். எர்த் சரியில்லாவிட்டால் இரைச்சல் முதலில் அங்கேதான் கேட்கும். டிஎல்-103-க்கு 2.5 கிராம் அழுத்தமும், அதைத் தாங்கும் கையாகக் கனமான டோன்ஆர்மும் தேவை. மெல்லிய டோன்ஆர்மில் மாட்டிவிட்டு அதைக் குறை சொல்வது நியாயமில்லை.

அமெரிக்காவின் ஷூர் 1958-இல் எம்3டி, 1964-இல் வி15 என்று காந்த மரபை வளர்த்தது. குறைந்த அழுத்தத்தில் பள்ளத்தை விடாமல் பிடிப்பதே அதன் பெருமை. 2018-இல் அந்தக் கம்பெனி கார்ட்ரிட்ஜ் தயாரிப்பையே நிறுத்தியது பெரிய இழப்பு.

இரண்டில் எது என்றால், என் தீர்ப்பு முள்ளின் முனையைப் பார்த்துத்தான். நம் வீடுகளிலிருந்து வரும் பழைய தமிழ்ப் படத் தட்டுகள் பெரும்பாலும் பெட்டி பிளேயரின் கனத்த செராமிக் தலையில் தேய்ந்தவை. பள்ளச் சுவரில் உருண்டை முனை தொட்ட இடம்தான் தேய்ந்திருக்கும். இன்னொரு உருண்டை முனை அதே தடத்தில் ஓடி 'ச'கரங்களைக் கரகரக்க வைக்கும். மைக்ரோலீனியர், ஷிபாட்டா முனைகள் சுவரை மேலும் கீழுமாக நீளத் தொடுவதால் தேயாத பகுதி அகப்படுகிறது. பாடகரின் குரலில் படிந்த தூசு விலகியதுபோல் இருக்கும். ஆடியோ-டெக்னிகாவின் விஎம்95 வரிசையில் ஒரே உடலுக்குக் கூம்பு முனை முதல் ஷிபாட்டா வரை மாற்றிக்கொள்ளலாம். இழுத்தால் வரும், செருகினால் உட்காரும்.

ஜவ்வாது மலையில், ஜமுனாமரத்தூர் போன்ற ஊரில் தட்டு கேட்பவருக்கு இது சின்ன வசதியில்லை. சுருள் கார்ட்ரிட்ஜின் முள் தேய்ந்தால் முழுத் தலையையும் கைதேர்ந்தவரிடம் அனுப்பிக் காத்திருக்க வேண்டும். இங்கே முதல் கார்ட்ரிட்ஜ் காந்தமாகவே இருக்கட்டும் என்பேன்.

ஆனால் நன்றாகப் பேணிய வீணை எல்பி கையில் இருந்தால் சுருளைத்தான் கேட்க வேண்டும். மீட்டின் தொடக்கமும், கமகம் அடங்கி மறையும் வாலும் வேறெதிலும் இத்தனை தெளிவாக வந்து நான் கேட்டதில்லை. கார்ட்ரிட்ஜ் மாட்டும் ஹெட்ஷெல்லைக் கழற்றக்கூடிய டர்ன்டேபிளில் இரண்டையும் வைத்துக்கொள்ளலாம். காந்தத்திலிருந்து சுருளுக்கு மாற்றும்போது அழுத்தத்தை 2 கிராமிலிருந்து 2.5-க்கு ஏற்றி, ப்ரீஆம்ப்பின் சுவிட்சையும் எம்சி-க்கு (மூவிங் காயில்) தள்ள வேண்டும்.