கண்ணிழப்பும் காரணமும்: தீமை பற்றிய கிறித்தவக் கொள்கை தமிழில் பெற்ற வடிவம்

1. வினா

இறைவன் நல்லன், எல்லாம் வல்லன். எனினும் உலகில் தீமை உளது. இம்மூன்றும் ஒருங்கே உண்மையாதல் எங்ஙனம் என்பது கிறித்தவ இறைநூலார் நெடுங்காலமாக ஆராய்ந்துவரும் வினா. இவ்வினாவுக்குத் தனிப் பெயரிட்டு லைப்னிட்சு என்னும் செருமானிய அறிஞர் நூல் வெளியிட்டது 1710ஆம் ஆண்டில். ஆயின் வினாவோ மிகப் பழையது, தமிழர்க்கும் புதியதன்று. ஒரு மனையில் சாப்பறையும் மற்றொரு மனையில் மணமுழவும் ஒலிக்கக் கேட்ட பக்குடுக்கை நன்கணியார், இவ்வாறு உலகைப் படைத்தவனைப் பண்பற்றவன் என்றே பழித்தார் (புறநானூறு, 194). இரந்து உயிர்வாழும் நிலை உலகியற்றியான் வகுத்ததாயின் அவனும் அலைந்து கெடுக என்றார் வள்ளுவர்.

இப்பழிப்புரைகளுக்கு ஊழ், வினை என்னும் கொள்கைகள் தமிழில் விடையாய் அமைந்தன. அவ்விடை வேரூன்றிய மொழியில் கிறித்தவம் தன் விடையைக் கூற முற்பட்டபோது நேர்ந்தது யாது? அவ்விடை காப்பியங்களில் எவ்வடிவு கொண்டது? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

2. மறுபிறப்பை மறுத்ததனால் வந்த சுமை

1606இல் மதுரைக்கு வந்த இராபர்ட் தெ நொபிலியின் பெயரால் வழங்கும் நூல்களுள் ஒன்று புனர்ஜென்ம ஆட்சேபம். மறுபிறப்புக் கொள்கையை மறுப்பது அது. இம்மறுப்பினால் விளைந்த பெருஞ்சுமையை ஆய்வாளர் பலரும் எண்ணிப் பார்த்ததில்லை. பிறவிக் குருடனான ஒரு குழந்தையை நோக்கி, 'இது முற்பிறப்பின் பயன்' என வினைக்கொள்கையார் கூறிவிடுவர். அவ்விடை உளத்தை ஆற்றுமோ ஆற்றாதோ, அளவை நெறியில் அது முழுமையானது. பிறவி ஒன்றே எனக் கொண்டவர்க்கோ அவ்வாயில் அடைபட்டுவிடுகிறது. குழந்தையின் குருடு இறைவன் திருமுன் விடையற்ற வினாவாகவே நிற்கிறது.

'ஆதிப் பாவம் என்னும் கொள்கை இவ்விடத்தை நிரப்புமன்றோ?' எனக் கேட்கலாம். அகுசுத்தீனார் (354–430) இக்கொள்கையை விரித்துரைத்தார். தீமை என்பது தனிப்பொருளன்று, நன்மையின் குறைவே என்றும், மாந்தர் தம் தன்னுரிமையைப் பிழைபடப் பயன்படுத்தியதால் அது புகுந்தது என்றும் அவர் கூறினார். எனினும் ஒன்றை ஈண்டுத் தெளிதல் வேண்டும். ஆதிப் பாவம் மாந்தர் அனைவர்க்கும் பொதுவாகிய வீழ்ச்சியைக் கூறுமேயன்றி, ஒருவன் மட்டும் குருடனாய்ப் பிறந்ததற்குக் காரணம் கூறாது. வினைக்கொள்கை ஒவ்வோர் உயிருக்கும் தனிக்கணக்கு வைக்கிறது. ஆதிப் பாவத்தில் தனிக்கணக்கு இல்லை. இவ்வேறுபாட்டை மறந்து, 'வினைக்குப் பதிலாகப் பாவம்' எனச் சமன் செய்து எழுதுவோர் இரு கொள்கைகளையும் பிறழ உணர்ந்தவராவர்.

3. இரு கண்ணிழப்புகள்

இவ்வேறுபாட்டை விளக்கக் கண்ணிழந்தார் இருவர் வரலாறுகளை ஒப்பிடுதல் பயனுடைத்து.

ஒன்று திருவொற்றியூரில் நிகழ்ந்ததாகச் சேக்கிழார் கூறுவது. சங்கிலியாரைப் பிரியேன் எனச் சூளுரைத்த சுந்தரர், திருவாரூர் வசந்த விழாவை நினைந்து ஒற்றியூர் எல்லையைக் கடந்தார், கண்ணிழந்தார். வெண்பாக்கத்தில் ஊன்றுகோலும், காஞ்சியில் இடக்கண்ணும், ஆரூரில் வலக்கண்ணும் பெற்றார். வெண்பாக்கத்துப் பழங்கோயில் இருந்த இடம் 1944இல் கட்டி முடிந்த பூண்டி நீர்த்தேக்கத்துள் அடங்க, கோயில் வேறிடத்தில் எழுப்பப்பட்டது. அத்தேக்கத்தின் மிகைநீர் கொசத்தலையாற்றின் வழியே வந்து, சடையங்குப்பம் போன்ற மணலிப் பகுதியின் தாழ்ந்த ஊர்களைச் சூழ்ந்து, எண்ணூரில் கடலையடைகிறது. வடசென்னையார்க்கு இது அயலூர்க் கதையன்று.

மற்றொன்று யோவான் நற்செய்தியின் ஒன்பதாம் அதிகாரம். பிறவிக் குருடன் ஒருவனைக் கண்ட சீடர், பாவம் செய்தவன் இவனோ, இவன் பெற்றோரோ என வினவுகின்றனர். பிறவியிலேயே குருடானவன் தன் பாவத்தால் அவ்வாறு ஆயினான் எனின், அப்பாவம் பிறக்குமுன் நிகழ்ந்திருத்தல் வேண்டும். தமிழ் வாசகர்க்கு மிகவும் அறிமுகமான வினா இது! இயேசு பெருமான் இருவரையும் விலக்குகிறார். காரணம் கூறாது, இறைவன் செயல் அவனிடத்தே விளங்கவேண்டும் எனப் பயனை மட்டும் சுட்டி, மண்ணைக் குழைத்துக் கண்ணில் பூசுகிறார்.

சுந்தரர் கண்ணிழப்புக்குக் காரணம் உண்டு. அது சூள் பிழைத்தல். குருடன் கண்ணிழப்புக்குக் காரணம் மறுக்கப்படுகிறது. ஆயினும், 'சைவம் கணக்குப் பார்க்கும் சமயம். கிறித்தவம் அருட்சமயம்' என இதனின்று முடிவு கட்டுதல் நேர்மையாகாது. சூளுறவின்போது மகிழின்கீழ் எழுந்தருளுமாறு சுந்தரர் இறைவனை வேண்டினார். அம்மகிழடியிலேயே சூள் வாங்குமாறு சங்கிலியார்க்கு உணர்த்தியவனும் அவ்விறைவனே. எனவே அக்கதையில் இறைவன் வெறும் தண்டிப்பவன் அல்லன். நிகழ்ச்சியில் ஒரு பங்காளி. நீ பொறுப்பாய் என்று நம்பியே பிழை செய்தேன் எனச் சுந்தரர் அவனோடு வழக்காடவும் செய்கிறார். அவ்வழக்குரை திருமுறையாகப் போற்றப்படுகிறது.

நற்செய்திப் பகுதியிலும் இடர்ப்பாடு இல்லாமல் இல்லை. இறைவன் செயல் விளங்குதற்பொருட்டு ஒருவன் இத்தனை ஆண்டு இருளில் கிடத்தல் முறையோ எனும் ஐயம் எழவே செய்யும். அதனை அப்பகுதி தீர்க்கவில்லை. அது திண்ணமாகத் தடுப்பது ஒன்றையே: துன்புறுவான்மீது பழி சுமத்துதலை. அதிகாரத்தின் இறுதியில், நீ முற்றும் பாவத்திலே பிறந்தவன் என்று கூறி அம்மனிதனைப் புறந்தள்ளுவோர் சமயத் தலைவரே என்பது நோக்கத்தக்கது. காரணம் கற்பிக்கும் ஆர்வம் எங்குக் கொண்டுபோய் விடும் என்பதற்கு அதுவே சான்று.

4. யோபுவின் நண்பர்

யோபு ஆகமம் இதனினும் கூரியது. இறைவன் இசைவு பெற்றே சாத்தான் யோபுவைத் துன்புறுத்துகிறான் என நூலின் தொடக்கம் கூறுகிறது. ஆகவே தீமையை இறைவன் 'விடுகிறான்' என்பதை அந்நூல் மறைக்கவில்லை. நண்பர் மூவரும் இறைவன் நீதியைக் காக்கக் கருதி, நீ பாவம் செய்திருத்தல் வேண்டும் என யோபுவை வற்புறுத்துகின்றனர். யோபு தான் பிறந்த நாளையே சபிக்கிறான். இறுதியில் சூறாவளியினின்று பேசும் இறைவனும் காரணம் கூறவில்லை. ஆனால் நண்பர்மீதே சினந்து, தன்னைக் குறித்து அவர்கள் சரியானதைப் பேசவில்லை என்கிறான். இறைவனுக்காக வாதாடியவர் கடியப்பட்டனர்; இறைவனோடு வழக்காடியவன் ஏற்கப்பட்டான். சுந்தரரும் யோபுவும் ஈண்டு அருகருகே நிற்கின்றனர்.

5. இரு காப்பியங்கள்

இவ்வுரைகல்லில் தமிழ்க் கிறித்தவக் காப்பியங்களை உரைத்துப் பார்ப்போம்.

வீரமாமுனிவர் (1680–1747) இயற்றிய தேம்பாவணி, ஏரோதன் ஆணையால் குழவிகள் கொலையுண்ட செய்தியை விரித்துரைக்கிறது. முற்பிறப்பு இல்லை எனின் அக்குழவிகட்கு வினையும் இல்லை. பழி முழுவதும் அரசாசை கொண்ட ஏரோதனையே சார்கிறது. கத்தோலிக்கத் திருச்சபையும் திசம்பர் 28ஆம் நாளை அம்மாசற்ற குழவிகட்குரிய நினைவு நாளாகப் போற்றுகிறது. செய்தவன் ஒருவன், பட்டவர் வேறொருவர் என்னும் இப்பகுப்பு எளியதாகத் தோன்றினும், வினைக்கொள்கை பரவிய மொழியில் அது பெருந்துணிவு.

எச். ஏ. கிருட்டிணபிள்ளை (1827–1900) வைணவ மரபில் வளர்ந்து, 1858இல் திருமுழுக்குப் பெற்றவர். அவர் இயற்றிய இரட்சணிய யாத்திரிகம் (1894), ஜான் பனியன் 1678இல் வெளியிட்ட நூலைத் தழுவியது. தழுவலில் அவர் புதிதாகச் சேர்த்தது எது என்பதிலேதான் அவர் கொள்கை விளங்குகிறது. பனியனில் யாத்திரிகன் சிலுவையைக் காண்கிறான், முதுகுச்சுமை வீழ்கிறது, சில வரிகளில் செய்தி முடிகிறது. கிருட்டிணபிள்ளையோ குமார பருவத்தில் இரட்சகர் பாடுகளை நெடிது விரித்துப் பாடுகிறார். கம்பனில் தோய்ந்த புலவர் காப்பிய அழகு கருதிச் செய்த சேர்க்கை இது எனல் போதாது. துன்பத்துக்குக் காரணம் யாது என்னும் வினாவுக்கு விடையாக, துன்பத்துக்குள் இறங்கி வந்த இறைவனை அவர் காட்டுகிறார். வாதத்தால் நிறுவ இயலாததைக் காட்சியால் உணர்த்துதல் காப்பியத்தின் உரிமை. அவ்வுரிமையை அவர் நன்கு பயன்கொண்டார்.

எனினும் ஒரு குறையைச் சுட்டல் வேண்டும். யாத்திரிகன் முதுகில் உள்ள சுமை அவனது பாவமே. பிறர் பாவத்தால் நசுங்குவோர்க்கு அவ்வுருவகத்தில் இடம் குறுகியது. பொய்ச்சான்றால் வழித்துணைவன் கொலையுறும் நிகழ்ச்சி பனியன் நூலில் உண்டு. ஆயினும் அது சான்றுயிர் நீத்த வீரனின் பெருமை, ஏதிலியின் புலம்பல் அன்று. யோபுவின் குரல் இவ்விரு காப்பியங்களின் நடுவிடத்தைப் பெறவில்லை.

6. சொல்லும் பொருளும்

பேச்சுத்தமிழில் துன்புறுவானைக் கண்டு 'பாவம்!' என்கிறோம். குற்றத்தைக் குறிக்கும் சொல்லே இரக்கத்தையும் குறிக்கிறது. துன்பம் பாவத்தின் பயன் என்னும் எண்ணம் அச்சொல்லின் அடியில் இருத்தல் கூடும். ஆயின் இன்று அதனைச் சொல்வார் நெஞ்சில் குற்றச்சாட்டு இல்லை, பரிவே உண்டு. மொழி வழக்கு கொள்கையினும் கனிந்தது என்பதற்கு இஃதொரு சான்று.

7. முடிவுரை

இவ்வாராய்ச்சி ஏட்டளவில் நிற்பதன்று. 2023 திசம்பரில் மிக்சாம் புயலை ஒட்டிய வெள்ளத்தோடு மணலித் தொழிற்பகுதியின் எண்ணெய் கலந்து, பக்கிங்காம் கால்வாய் வழியே கொசத்தலையாற்றிலும் எண்ணூர்க் கழிமுகத்திலும் பரவியது. மீனவர் வலையும் படகும் பிழைப்பும் கெட்டன. மழை இயற்கையால் வந்தது. எண்ணெய் மாந்தர் கைவழி வந்தது. இரண்டையும் சேர்த்து 'விதி' என்பதும், 'பாவத்தின் சம்பளம்' என்பதும் ஒரே பிழையின் இரு வடிவங்கள். சீலோவாம் கோபுரம் இடிந்து மாண்ட பதினெண்மர் பிறரினும் பாவிகளோ என்னும் எண்ணத்தை இயேசு பெருமான் மறுத்த செய்தி லூக்கா நற்செய்தியின் பதின்மூன்றாம் அதிகாரத்தில் உண்டு. அம்மறுப்பு எண்ணூர்க்கும் பொருந்தும்.

இறைவன் தீமையை ஏன் விடுகிறான் என்பதற்குக் கிறித்தவம் முற்ற முடிந்த விடை தரவில்லை. தன்னுரிமைக் கொள்கை ஏரோதனுக்கு விடையாகும்; குருடனுக்கு ஆகாது. அது தருவது மூன்று: பட்டவன்மேல் பழி சுமத்தற்க என்னும் தடை, பட்டவன் இறைவனோடு வழக்காடலாம் என்னும் உரிமை, இறைவனும் பட்டான் என்னும் செய்தி. தேம்பாவணி முதலாவதையும் இரட்சணிய யாத்திரிகம் மூன்றாவதையும் தமிழுக்கு நன்கு அளித்தன. இரண்டாவதற்குத் தமிழில் முன்மாதிரி நன்கணியாரிடமும் சுந்தரரிடமும் உண்டு. தமிழ்க் கிறித்தவ இலக்கியத்தை ஆராய்வார் அவ்விடத்தினின்று தொடங்குதல் நன்று.