தப்பு கடவுச்சொல்லில் இல்லை

லக்ஸ் முறையில் வட்டைப் பூட்டிய லினக்ஸ் கணினி, துவங்கும்போது "கடவுச்சொல் தவறு" என்று சொன்னால் உடனே நம்பிவிடாதீர்கள். நீங்க சரியாத்தான் அடிச்சிருப்பீங்க.

பிரெஞ்சு விசைப்பலகையை எடுத்துக்கொள்வோம். அதில் எண்கள் ஷிப்டோடுதான் வரும். ஆனால் துவக்க நிரலான கிரப்புக்கு இயல்பாகத் தெரிந்தது அமெரிக்க அமைப்பு மட்டும். ஏ-யை அமுக்கினால் க்யூ என்று எடுத்துக்கொள்ளும். 1 அடித்தால் ஆச்சரியக்குறி. திரையிலோ எதுவும் தெரியாது. நிறுவும்போது தேர்ந்தெடுத்த பிரெஞ்சு அமைப்பு எங்கே எழுதியிருக்கு? பூட்டிய வட்டுக்குள்ளே! சாவியைப் பெட்டிக்குள்ளேயே வைத்துப் பூட்டின கதை.

பூட் பகுதி பூட்டுக்கு வெளியே இருந்தால் தேவலை. அப்போது கடவுச்சொல்லைக் கேட்பது இனிட்ராம்எஃப்எஸ்; அதற்குள் விசை அமைப்பின் பிரதியை வைக்கலாம். பிறகு அமைப்பை மாற்றிவிட்டு அதை மறுபடி உருவாக்க மறந்தால் போச்சு.

"எழுத்தும் எண்ணும் மட்டும் வெச்சுக்கோங்க" என்ற அறிவுரை எனக்கு எரிச்சலைத்தான் தருகிறது. எண்ணே மாறுதே! லக்ஸ்1-இல் 8, லக்ஸ்2-இல் 32 சாவி இடங்கள் உண்டு. அதே விசைகள் அமெரிக்க அமைப்பில் எதைத் தருமோ, அதை இரண்டாவது கடவுச்சொல்லாகச் சேர்ப்பது உருப்படியான வழி. ஆனால் ஒருமுறையாவது உள்ளே போனவருக்குத்தான் அது உதவும்.

துவக்கத் திரை காட்டும் பிளிமத்தின் சில தோற்றங்களில் இப்போது விசை அமைப்பின் பெயர் தெரிகிறது. கிரப்பும் அந்த ஒரு சொல்லைக் காட்டினால், எல்லாம் போச்சுன்னு வட்டையே அழிக்கப் போகிறவர் கொஞ்சம் நிதானிப்பார்.