பாராளுமன்றம்: ஒரு சொல்லும் அதன் சமூக அடித்தளமும்

சொல்லாராய்ச்சி நம்மிடையே பெரும்பாலும் வேர்ச்சொல் காண்பதோடு நின்றுவிடுகின்றது. அச்சொல் எத்தகைய சமூக உறவுகளுக்கிடையே வழங்கிற்று என்னும் வினா எழுப்பப்படுவது அரிது. 'பாராளுமன்றம்' என்னும் சொல் இவ்வகையில் நோக்கற்பாலது.

'பேசு' எனப் பொருள்படும் பிரெஞ்சு வினையடியாகப் பிறந்த 'பார்லிமென்ற்', பதின்மூன்றாம் நூற்றாண்டில் ஆங்கிலேய மன்னன் பிரபுக்களோடும் மதகுருமாரோடும் கூடி உரையாடிய அவையைக் குறிக்கலாயிற்று. தமிழ் வடிவம் அதன் ஒலியைத் தழுவியவாறே பார், ஆளும், மன்றம் எனப் புதுப்பொருள் பெற்றது. தமிழகத்தில் பெருவழக்கான 'நாடாளுமன்றம்' ஒலியொப்புமையை நாடவில்லை. இலங்கையிலோ 'பாராளுமன்றம்' என்பதே அரச வழக்காகும். இரண்டிலும் 'பேசுதல்' மறைய 'ஆளுதல்' அவ்விடத்தைப் பெற்றமை மனங்கொளத்தக்கது. எனவே, ஆள்வோர் யாவர் என்ற வினா இச்சொல்லுக்குள்ளேயே அடங்கியுள்ளது.

'மன்றம்' சங்க இலக்கியத்தில் ஊரார் கூடும் பொதுவெளி. குரவை நிகழ்ந்த இடமும் அதுவே. ஆயின் இதனைக் கொண்டு பண்டைத் தமிழரிடையே மக்களாட்சி நிலவியது எனப் பெருமை பேசுதல் வரலாற்று நெறியன்று. பத்தாம் நூற்றாண்டில், முதலாம் பராந்தகன் காலத்து உத்தரமேரூர்க் கல்வெட்டு, குடவோலையில் பெயர் இடப்படுவதற்குப் பொதுவாகக் கால் வேலிக்கு மேற்பட்ட இறைநிலம் உடைமையை வேண்டியது. அங்கு கூடிய 'சபை' பிராமண நிலவுடைமையாளரது அமைப்பு. இங்கிலாந்திலும் 1430 ஆம் ஆண்டுச் சட்டம், ஆண்டுக்கு நாற்பது சிலிங் வருமானம் தரும் நிலமுடையோருக்கே மாவட்ட வாக்குரிமையை வழங்கியது. மொழிகள் வேறாயினும் நிலவுடைமை ஒன்றே அவையின் வாயிலைக் காத்து நின்றது.

இலங்கை அனுபவம் இன்னுமொரு வாயிலைக் காட்டுகின்றது. 1947 ஆம் ஆண்டுத் தேர்தலில் இலங்கை இந்தியக் காங்கிரஸின் சார்பில் எழுவர் தெரிவாயினர். 1948 ஆம் ஆண்டுப் பிரஜாவுரிமைச் சட்டமும் 1949 ஆம் ஆண்டுத் தேர்தல் திருத்தச் சட்டமும் மலையகத் தோட்டத் தொழிலாளருள் மிகப் பெரும்பாலோரை வாக்காளர் இடாப்பிலிருந்து நீக்கின. 1952 இல் அக்காங்கிரஸின் சார்பில் ஒருவரேனும் தெரிவாகவில்லை. தேயிலையால் நாட்டின் வருவாயை ஈட்டித் தந்த வர்க்கத்தின் வாக்கைப் பறித்த சட்டங்கள், அவ்வர்க்கத்தின் பிரதிநிதிகள் அமர்ந்திருந்த பாராளுமன்றத்திலேயே நிறைவேறின. எஞ்சியோருக்கும் பிரஜாவுரிமை வழங்கும் சட்டம் 2003 இலேயே வந்தது.

இவ்வரை நூற்றாண்டிலும் 'மன்றம்' என்பதன் அகராதிப் பொருளில் மாற்றமில்லை. மாறியது அதனுட் புகத்தக்கோரின் எல்லையே. ஆதலின் அரசியற் சொற்களை ஆராய்வோர் நிகண்டையும் கல்வெட்டையும் போலவே வாக்காளர் இடாப்பையும் சான்றாகக் கொள்ளுதல் வேண்டும்.