ஹெர்மனும் செருத்தணியும்

திருத்தணி நண்பர் ஒருவர், ஹெர்மன் ஹெஸ்ஸேயின் 'சித்தார்த்தா'வைப் படித்த ஈர்ப்பில், பேரனுக்கு ஹெர்மன்னு பேர் வைக்கலாமா என்று கேட்டார். கூடவே ஒரு பெயர் விளக்கக் கையேட்டின் பக்கத்தையும் அனுப்பினார். அதில் இரண்டே வரி: ஹெர்மன் என்றால் படைவீரன், ரோமானியரை வென்ற ஆர்மினியுஸின் பெயரே இது.

முதல் வரி சரி. பழைய ஜெர்மானியத்தில் 'ஹரி' என்றால் படை, 'மன்' என்றால் ஆள். (நம்ம ஹரிக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை, அந்த ஆராய்ச்சியில் யாரும் இறங்க வேண்டாம்.) ஹெரால்டின் முன்பாதியிலும் வால்டரின் பின்பாதியிலும் இருப்பது இந்தப் படைதான்.

இரண்டாவது வரியில்தான் தகராறு. கி.பி. 9இல் மூன்று ரோமானியப் படையணிகளை அழித்தவன் ஆர்மினியுஸ். அவனை 'ஹெர்மன்' ஆக்கியவர்கள் 16ஆம் நூற்றாண்டு ஜெர்மானிய அறிஞர்கள். அவனைப் பற்றி எழுதிய டாசிட்டஸ், 'ஹரி' வரும் பேரை லத்தீனில் எப்படி எழுதுவார் என்பதற்கு அதே நூலில் சான்று இருக்கு. பட்டாவியர் தலைவன் ஒருவனை 'காரியோவால்டா' என்கிறார். ஹரி அங்கே 'காரியோ' ஆகிறது. ஆர்மினியுஸில் அந்த முதல் ஒலியே காணோம். 'மன்' இருக்க வேண்டிய இடத்தில் 'மின்' இருக்கு. அப்புறம் எப்படி ஒரே பேர்? ஆனால் 1875இல் டெட்மோல்ட் அருகே அவனுக்கு மாபெரும் சிலை எழுப்பி, அதற்கும் ஹெர்மன் பேரையே வைத்துவிட்டார்கள். சிலை வந்தபின் சொல்லாராய்ச்சி யாருக்கு வேணும்?

இதே கேள்வியை எங்க ஊருக்கும் கேட்கணும். போர் முடிந்து முருகன் சினம் தணிந்த இடம், அதனால் 'செருத்தணி', அதுவே திருத்தணி ஆச்சு என்று சின்ன வயசிலிருந்து கேட்கிறோம். திருச்செந்தூரிலும் திருப்பரங்குன்றத்திலும் வெறும் அடைமொழியாக நிற்கும் 'திரு', இங்கே மட்டும் 'செரு'விலிருந்து வருவானேன்? கதைக்குத் 'தணி' ஒன்றே போதுமே! மலைப்படியில் யாராவது சண்டைக்கு வந்தால் வரட்டும்.

கையேட்டில் இல்லாத ஒன்றையும் நண்பருக்குச் சொன்னேன். ஹெஸ்ஸேயின் தாய்வழித் தாத்தா ஹெர்மன் குண்டர்ட் 1836இல் மதராஸில் வந்திறங்கியவர். நமக்குப் பக்கத்துச் சித்தூரில்தான் 1838இல் அவருக்குக் கல்யாணம். பிறகு மலபார் போய் மலையாளத்தில் மூழ்கினார். 1872இல் அவருடைய மலையாள அகராதி வெளிவந்தது. ஆர்மினியுஸைவிட இந்தத் தாத்தாவே நமக்கு நெருங்கிய சொந்தம், அவரை நினைத்து வைங்க என்றேன்.

"வைக்கலாம்தான். ஆனா வீட்டுல ஏற்கெனவே தணிகாசலம்னு முடிவு பண்ணிட்டாங்க" என்றார்.