ஒரே ஒரு கார்பன்

மலேசியாவின் திகாம் பத்து தோட்டப் பக்கம் இழுப்பு உள்ள பெரியவர்களின் சட்டைப்பையில் நீல இன்ஹேலர் இருக்கும். ஓர் அழுத்தலுக்கு 100 மைக்ரோகிராம் சால்பியூட்டமால். அந்த மூலக்கூறை ஒரு கைவினையாகவே நான் ரசிக்கிறேன்.

அதற்கு முந்தைய மருந்தான ஐசோபிரினலின் மூச்சுக்குழாயைத் திறக்கும். கூடவே இதயத்தைப் படபடக்க வைக்கும். பலனும் நெடுநேரம் நிற்காது. அதன் வளையத்தில் ஒட்டியிருக்கும் ஹைட்ராக்சில் ஒன்றை உடலின் நொதி பிடித்து, மருந்தையே செயலிழக்கச் செய்துவிடும். இங்கிலாந்தின் வேர் நகரில் டேவிட் ஜாக் குழுவினர் அந்த ஹைட்ராக்சிலுக்கும் வளையத்துக்கும் நடுவே ஒரே ஒரு கார்பனை நுழைத்தார்கள். நொதியால் பிடிக்க முடியவில்லை. செல்லின் ஏற்பியோ ஏற்றுக்கொண்டது. நைட்ரஜன் முனையில் இன்னும் பருத்த ஒரு தொகுதியை வைத்ததும், இதயத்தின் பீட்டா-1 ஏற்பியைவிட மூச்சுக்குழாயின் பீட்டா-2 ஏற்பியையே மருந்து அதிகம் நாடியது. 1969இல் விற்பனைக்கு வந்தது. எவ்வளவு சிறிய திருத்தம், எத்தனை பேருக்கு மூச்சு!

எதிர்த்திசையில் உழைத்தவர் ஜேம்ஸ் பிளாக். 1988இல் நோபல் பரிசு பெற்றவர். 1950 வரை சிங்கப்பூரில், அன்றைய மலாயாப் பல்கலைக்கழகத்தில் கற்பித்தவர் என்பதால் நம் பக்கத்து மனிதராகவே எனக்குத் தோன்றுகிறார். அவருடைய புரோப்ரனலால் பீட்டா ஏற்பிகளை அடைத்து இதயத் துடிப்பைத் தணிக்கும். ஆனால் பீட்டா-2ஐயும் சேர்த்தே அடைத்துவிடும். அந்த மாத்திரையை எழுதுமுன் இழுப்பு உண்டா என்று மருத்துவர் கேட்பது இதனால்தான்.