விற்பனைக்கு அல்ல

அரசு ஆஸ்பத்திரியில் தரும் மாத்திரை அட்டையின் பின்புறம் மருந்தின் பெயரோடு இன்னொரு வாசகமும் அச்சாகியிருக்கும்: ‘விற்பனைக்கு அல்ல.’ திருட்டைத் தடுக்க நிர்வாகம் போட்ட முத்திரைதான். ஆனால் எந்தப் பிரதியும் எழுதியவரின் நோக்கத்தோடு முடிந்துவிடுவதில்லை. கல்வி, தண்ணீர் என எல்லாவற்றின் மீதும் விலைச்சீட்டு ஒட்டியாகிவிட்ட நிலையில், இந்தப் பொருள் சந்தைக்கு வெளியே இருக்கிறது என்று அரசே எழுதித் தருவதை நாம் இன்னும் சரியாக வாசிக்கவில்லை என்று நினைக்கிறேன்.

இந்த வாசகத்துக்குப் பின்னால் ஒரு நிறுவனம் இருக்கிறது. 1994இல் தொடங்கப்பட்ட தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், மாநிலம் முழுமைக்குமான மருந்தை ஒரே இடத்தில் டெண்டர் விட்டு வாங்குகிறது. மாவட்டக் கிடங்குகளில் வைத்து, மாதிரி எடுத்துச் சோதித்து, ஆஸ்பத்திரிகளுக்கு அனுப்புகிறது. ஒவ்வோர் ஆஸ்பத்திரிக்கும் ஒரு பாஸ்புக். எவ்வளவுக்கு மருந்து எடுத்தார்கள் என்பது அதில் ஏறும். மொத்தமாக வாங்குவதால் கடைவிலையில் ஒரு சிறு பங்குதான் அரசுக்குச் செலவாகிறது. 2011இல் ராஜஸ்தான் இலவச மருந்துத் திட்டம் தொடங்கியபோது இந்த வழியைத்தான் பின்பற்றியது. நம் எழுத்தில் இதற்கு இடமில்லை. கிடங்கு, பாஸ்புக், டெண்டர் எல்லாம் இலக்கியமாகுமா என்ன?

நம் கதைகளில் தர்மாஸ்பத்திரி வருவது வேறு மாதிரி. பினாயில் நெடி, வராந்தாவில் கிடக்கும் உடம்பு, காசு கேட்கும் வார்டுபாய், கடைசியில் ஒரு சாவு. பொய்யென்று சொல்லவில்லை. ஆனால் அந்த வராந்தாவைப் பார்க்கும் கண் யாருடையது? பெரும்பாலும், அங்கே படுக்க வேண்டிய அவசியம் இல்லாதவருடையது. அந்த அருவருப்பு மெள்ள ‘கவர்மென்ட்டுன்னாலே இப்படித்தான்’ என்ற பொதுப்புத்தியாகித் தனியார்மயத்துக்குப் பாதை போட்டுக் கொடுக்கிறது. சினிமாவில் இன்னும் சுலபம். ‘மெர்சல்’ (2017) படத்தில் அரசைக் கேள்வி கேட்கும் வசனம் உண்டுதான். ஆனாலும் நினைவில் நிற்பது அஞ்சு ரூபாய் டாக்டர் என்கிற உத்தமர். உத்தமருக்கு லீவு நாள் என்றால் நோயாளி எங்கே போவது?

தர்மாஸ்பத்திரி என்ற சொல்லிலேயே கோளாறு இருக்கிறது. 2012இல் சர்க்கரை வியாதிக்காரரான என் பெரியம்மாவை ஓர் அரசு ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போயிருந்தேன். மருந்துக் கவுன்ட்டரில், “மாத்திர தீந்துருச்சு, நாளைக்கு வா” என்றார்கள். பெரியம்மா முணுமுணுத்ததும், “சும்மா குடுக்குறதுக்கு இத்தன பேச்சா?” என்று உள்ளிருந்து ஒரு குரல். வெளியே வந்து அவர் சொன்னார்: “சும்மாவாம்ல சும்மா. ரெண்டு பஸ்ஸு மாறி, ஒருநாக் கூலிய விட்டுட்டு வந்து நிக்கிறேன். இதுக்குப் பேரு சும்மாவாடா?”

சோப்பிலும் டீத்தூளிலும் அவர் கட்டிய வரி அந்தக் கவுன்ட்டருக்குத் தெரியாது. அறுபது தாண்டிய பெண்ணை ‘வா’ என்று ஒருமையில் விளிக்கும் அதிகாரத்தையும் அந்தச் ‘சும்மா’தான் வழங்குகிறது. (சலவை வேட்டியும் சாதி தெரிகிற மீசையுமாக நின்றிருந்தால் ‘வாங்க’ வந்திருக்கும்.)

அன்று பெரியம்மாவின் சுருக்குப்பையில் காப்பீட்டு அட்டையும் இருந்தது. 2009இல் கலைஞர் பெயரில், குடும்பத்துக்கு நான்கு ஆண்டுகளுக்கு 1 லட்சம் என்று தொடங்கி, 2012இல் முதலமைச்சரின் திட்டமாகப் பெயர் மாறி, ஒன்றிய அரசின் 2018ஆம் ஆண்டுத் திட்டத்தோடு சேர்ந்தபின் ஆண்டுக்கு 5 லட்சம் வரை வளர்ந்தது. இதய ஆபரேஷனுக்கு நிற்பவரிடம் போய் இந்த அட்டை வேண்டாம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அட்டை பேசும் மொழி வேறு. அதில் நோய் ஒரு ‘பேக்கேஜ்’. ஒவ்வொரு பேக்கேஜுக்கும் ஒரு விலை. நோயாளி, ‘பயனாளி’. அரசுப் பணத்தில் ஒரு பங்கு தனியார் ஆஸ்பத்திரிகளின் கணக்கில் போய்ச் சேர்கிறது. விற்பனைக்கு அல்ல என்று எழுதிய அதே அரசு, இங்கே வாங்குபவராக வந்து நிற்கிறது. பொதுவாக, படுக்கையில் சேர்ந்தால்தான் அட்டை செல்லும். ஆயுசுக்கும் விழுங்க வேண்டிய சர்க்கரை மாத்திரைக்குச் செல்லாது. ஏழைக் குடும்பங்களோ பெரிய ஆபரேஷனால் மட்டும் கடனாளி ஆவதில்லை, மாதாமாதம் மருந்துக்கடையில் கரைந்தும் ஆகிறார்கள். அன்று நாங்களும் வெளிக்கடையில்தான் வாங்கினோம்.

ஃபூக்கோ படித்த நண்பர்கள், மருத்துவமனை என்பதே உடல்களைக் கண்காணிக்கும் நிறுவனம்தானே, அதை எதற்குத் தூக்கிப்பிடிக்கிறாய் என்று கேட்கிறார்கள். நெருக்கடி நிலைக் காலத்துக் கட்டாயக் கருத்தடைகளை நினைத்தால் அதை மறுக்க முடியாது. ஆனால் மேற்கு வங்கத்தில் 1992இல் ரயிலிலிருந்து விழுந்து தலையில் அடிபட்ட விவசாயத் தொழிலாளர் சங்க உறுப்பினர் ஒருவரை, அரசு ஆஸ்பத்திரிகள் ஒன்றன்பின் ஒன்றாகத் திருப்பி அனுப்பின. தனியாரிடம் சுமார் 17,000 ரூபாய் கட்டித்தான் பிழைத்தார். சங்கமும் அவரும் தொடுத்த வழக்கில், நிதியில்லை என்று சொல்லி அரசு தப்பிக்க முடியாது, இது உயிர்வாழும் உரிமை என்று 1996இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த மனிதர் கண்காணிப்பை எதிர்த்துக் கோர்ட்டுக்குப் போகவில்லை. படுக்கை கிடைக்காததற்காகப் போனார்.

எனவே அட்டையின் தொகையை உயர்த்து என்பதல்ல நம் முதல் கோரிக்கை. காலிப் பணியிடங்களை நிரப்பு, ஆரம்ப சுகாதார நிலையத்தில் ராத்திரியும் டாக்டர் வை, கவுன்ட்டரில் மருந்து தீர்ந்தால் யார் பொறுப்பு என்று எழுதி ஒட்டு. இப்படிச் சில்லறையாகக் கேட்பதற்குக் கோட்பாட்டாளர்கள் கூச்சப்பட வேண்டியதில்லை.

2021 ஆகஸ்டில் தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ வழியாகப் பெரியம்மாவுக்கு இப்போது மாத்திரை வீட்டுக்கே வருகிறது. அட்டையில் அதே வாசகம். கொண்டுவரும் பெண், பக்கத்துத் தெருக்காரர், சுயஉதவிக் குழுவைச் சேர்ந்தவர். அரசு அவருக்கு வைத்த பெயர் ‘தன்னார்வலர்’. தருவது சம்பளமல்ல, ஊக்கத்தொகை. போன தடவை பெரியம்மா அவரிடம் எம்புட்டுக் குடுக்குறாக என்று விசாரித்தார். தொகையைச் சொன்னதும் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டுக் கேட்டார்: “அப்ப நீ சும்மாவா வர்ற?”